வினைக்குப் பக்கத்தில் யார்?
ஆங்கிலத்தின் நெருங்கிய வினைகளும் தமிழின் வேற்றுமை உருபுகளும்

1. ஒரு கடிதமும் ஒரு கேள்வியும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஓர் அம்மாவின் கழுத்துச் சங்கிலியை, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் கத்தியைக் காட்டி மிரட்டி அறுத்துக்கொண்டு போனார்கள். காப்பீட்டுக்காக அவருடைய மகன் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். முதல் வரி 'டூ மென் ராப்டு மை மதர்ஸ் செயின்' என்று இருந்தது. 'ராப்டு' என்பதை அடித்துவிட்டு 'ஸ்டோல்' என்று எழுதினேன். அவர் சட்டென்று கேட்டார்:

"ஏன் சார்? கத்தியக் காட்டித்தானே பறிச்சாங்க? அது ராபரிதானே? ஸ்டீல்னு போட்டா சும்மா திருடிட்டுப் போன மாதிரி ஆயிடாதா?"

என்னிடம் அப்போது சரியான பதில் இல்லை. சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னதே சரி. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் திருட்டை 378ஆம் பிரிவிலும் ராபரியை 390ஆம் பிரிவிலும் தனித்தனியே வரையறுத்தது. காயப்படுத்துவதோ அச்சுறுத்துவதோ சேரும்போதுதான் திருட்டு ராபரியாகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் 303, 309 ஆகிய பிரிவுகளில் இந்த வேறுபாட்டைக் காக்கிறது. சங்கிலிப் பறிப்பு போன்ற செயலுக்கென்று 304ஆம் பிரிவையும் அது புதிதாகச் சேர்த்தது. ஆக, பொருளைச் சரியாகத் தேர்ந்தவர் அந்த இளைஞர். ஆனாலும் அவர் எழுதியது ஆங்கில வாக்கியம் ஆகவில்லை. ஆங்கிலக் காதுக்கு அது சங்கிலியையே யாரோ வழிமறித்து, அதன் உடைமைகளைப் பறித்ததுபோல ஒலிக்கும்.

காரணம் இதுதான். 'ராப்' என்ற வினை தனக்குச் செயப்படுபொருளாகப் பறிகொடுத்தவரையோ இடத்தையோ மட்டும் ஏற்கும்: ஒரு பெண்ணை, ஒரு வங்கியை. பறிபோன பொருளைச் சொல்ல வேண்டுமானால் 'ஆஃப்' போட்டுப் பின்னால்தான் நிறுத்த வேண்டும். 'ஸ்டீல்' நேர்மாறானது. அதற்குப் பறிபோன பொருள் முன்னால் வர வேண்டும், பறிகொடுத்தவர் 'ஃப்ரம்' என்ற சொல்லுக்குப் பின்னால் போக வேண்டும். அடீல் கோல்ட்பர்க் என்ற மொழியியலாளர் 1995இல் வெளியான நூலில் இந்த இணையைத்தான் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டு, ஒரே நிகழ்வில் எந்தப் பங்காளியை முன்னிறுத்துகிறோம் என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்று விளக்கினார்.

தமிழின் 'கொள்ளையடி' இந்தக் கண்டிப்பு இல்லாத வினை. வங்கியைக் கொள்ளையடித்தார்கள் என்போம். வங்கியிலிருந்த நகையைக் கொள்ளையடித்தார்கள் என்றும் சொல்வோம். இரண்டிலும் ஐ உருபு தயங்காமல் வந்து நிற்கிறது. அந்த இளைஞரின் பிழை அறியாமையால் வந்ததன்று. தமிழின் இலக்கணத்தை நேர்மையாகப் பின்பற்றியதால் வந்தது.

பொருளில் நெருங்கிய ஆங்கில வினைகளுள் ஒன்றைத் தேர்வதற்கு அவற்றின் பொருள் நுட்பம் போதுமா, அல்லது பக்கத்தில் நிற்கும் பெயர்களே அதை முடிவு செய்கின்றனவா? இக்கட்டுரை ஆராய்வது இதைத்தான். பெருமளவுக்குப் பெயர்களே முடிவு செய்கின்றன என்பதும், தமிழர் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் நம் வேற்றுமை உருபுகள் வேலை செய்யும் இடங்களே என்பதும் என் கருத்து. இதற்கு எதிரான சான்றுகளும் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

2. பொருளை நிறுத்துப் பார்த்த மரபு

ஒருபொருட் சொற்களை வேறுபடுத்தும் நூல்களை ஆங்கிலேயர் பிரெஞ்சிலிருந்து கற்றுக்கொண்டனர். அபே ஜிரார் 1718இல் பிரெஞ்சுச் சொற்களுக்குச் செய்ததை ஜான் ட்ரஸ்லர் 1766இல் ஆங்கிலத்துக்குச் செய்தார். 1794இல் ஹெஸ்டர் பியோஸி அன்றாட உரையாடலில் சொல் தேர்வதற்கென்றே ஒரு நூல் எழுதினார். டாக்டர் ஜான்சனின் நெருங்கிய நண்பரான இவர் இத்தாலியர் ஒருவரை மணந்தவர். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் எங்கே இடறுவார் என்பதை வீட்டுக்குள்ளேயே கண்டிருப்பார் என்று நினைக்கிறேன். 1816இல் வந்த ஜார்ஜ் கிராபின் பெருநூல் 19ஆம் நூற்றாண்டு முழுதும் செல்வாக்கோடு இருந்தது. 1852இல் பீட்டர் மார்க் ரோஜே வெளியிட்ட தெசாரஸ் வேறு வகையானது. அது சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்ததே தவிர வேறுபாடு சொல்லவில்லை. திவாகரம், பிங்கலம் ஆகிய நிகண்டுகளில் பழகிய தமிழருக்கு அந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

இவர்களில் வேறுபாடு சொன்னவர்கள் எல்லோருக்கும் ஒரு பொது நம்பிக்கை உண்டு. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு தனிச் சாரம் இருக்கிறது. அதைச் சரியாக வரையறுத்துவிட்டால் தேர்வு தானே நடக்கும் என்பது அந்த நம்பிக்கை. பெயர்ச்சொற்களுக்கும் பண்புச்சொற்களுக்கும் இம்முறை நன்றாகவே பயன்படுகிறது. வினைச்சொற்களிடம்தான் தோற்கிறது. 'ராப்' என்பதன் சாரத்தை எவ்வளவு நுட்பமாக வரையறுத்தாலும், சங்கிலி அதன் பக்கத்தில் நிற்கக் கூடாது என்ற செய்தி அந்த வரையறையிலிருந்து கிடைக்காது.

இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர்கள் ஆங்கிலத்தைப் பிறருக்குக் கற்பிக்கப் போனவர்கள். ஹெரால்டு பாமர் 1922இல் ஜப்பான் சென்றார். அவரோடு சேர்ந்து உழைத்த ஏ.எஸ். ஹார்ன்பி, ஜப்பானிய மாணவர்களுக்காகத் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. போர் முடிந்தபின் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதையே மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் மாணவர் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் மூலம் அதுதான். ஹார்ன்பி வினைகளை அவை எந்தப் பெயர்களை, எந்த வரிசையில், எந்த முன்னிடைச்சொல்லோடு ஏற்கின்றன என்று பார்த்து 25 அமைப்புகளாக வகுத்தார். ஒரு வினைக்குப் பொருள் சொன்ன கையோடு அதன் அமைப்பு எண்ணையும் கொடுத்தார். தாய்மொழிக்காரருக்கு இது தேவையற்ற சுமையாகத் தோன்றியிருக்கும். தாய்மொழியில் மூச்சுவிடுவதுபோல் செய்கிற ஒன்றை வெளியே நின்று பார்க்க நேர்ந்த ஆசிரியருக்குத்தான் அது கண்ணில் பட்டது.

1987இல் பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் வந்த கோபில்டு அகராதி அடுத்த அடியை எடுத்து வைத்தது. அதில் வினைக்குப் பொருள் தனிச் சொல்லாக வராது, முழு வாக்கியமாக வரும். நீங்கள் ஒருவருக்கு ஒன்றை இன்னபடி செய்தால் என்று தொடங்கும்போதே, வினையோடு எத்தனை பேர் நிற்க வேண்டும் என்பதை வாக்கியமே காட்டிவிடும். எனக்குத் தெரிந்தவரை, கற்போருக்கு அகராதிக் கலை செய்த பேருதவிகளில் இது ஒன்று. தமிழில் இன்னும் இந்த வழியில் ஓர் ஆங்கில அகராதி பரவலாகப் புழங்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

3. 'கேள்' என்ற ஒரு வினை

ஆங்கில வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு கூற்று உண்டு. ஆங்கிலத்தில் 'ஹியர்', 'லிசன்', 'ஆஸ்க்' என்று மூன்று தனி வினைகள் இருக்கின்றன, தமிழில் மூன்றுக்கும் 'கேள்' ஒன்றுதான், ஆகவே தமிழருக்கு இந்த வேறுபாடு புரிவதில்லை என்பார்கள். இது உண்மையன்று. மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

எனக்கு ஒரு பாட்டு கேட்டது.
நான் ஒரு பாட்டைக் கேட்டேன்.
நான் அவரிடம் ஒரு பாட்டுக் கேட்டேன்.

முதலாவது, எங்கோ ஒலித்தது தானாகக் காதில் விழுந்தது. இரண்டாவது, காது கொடுத்துக் கேட்டது. மூன்றாவது, பாடச் சொல்லி வேண்டியது. தமிழ்க் குழந்தை எதுவும் இம்மூன்றையும் குழப்பிக்கொள்வதில்லை. வினை மாறவே இல்லை. 'கு', 'ஐ', 'இடம்' என்ற உருபுகள் மாறின. ஆங்கிலம் மூன்று வினைகளைக் கொண்டு செய்யும் வேலையைத் தமிழ் மூன்று உருபுகளைக் கொண்டு செய்கிறது. வேறுபாடு நம்மிடமும் இருக்கிறது. நாம் அதைப் பெயரின் முடிவில் வைத்திருக்கிறோம், ஆங்கிலேயர் வினைக்குள் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஒப்புமை முழுமையானதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 'அந்தச் செய்தியைக் கேட்டேன்' என்னும்போது ஐ உருபு இருந்தும் ஆங்கிலம் 'ஹியர்' என்றுதான் சொல்லும். அதுபோலக் கண்ணுக்குரிய வினைகளில் நாம் உருபோடு வினையையும் மாற்றுகிறோம்: 'எனக்கு மலை தெரிகிறது', 'நான் மலையைப் பார்க்கிறேன்'. ஆனால் தானாக நிகழும் அனுபவத்துக்கு 'எனக்கு', முயன்று செய்யும் செயலுக்கு 'நான்' என்ற அடிப்படை அங்கேயும் மாறவில்லை. பசி, தாகம், கோபம், தூக்கம், பிடித்தல், புரிதல் எல்லாமே 'எனக்கு' என்றுதான் தொடங்குகின்றன.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். பழைய ஆங்கிலத்தில் பெயர்களுக்கு வேற்றுமை முடிவுகள் இருந்தன. ஷேக்ஸ்பியர் காலம்வரை வழங்கிய 'மீதிங்க்ஸ்' என்ற சொல், பிரித்துப் பார்த்தால் 'எனக்குத் தோன்றுகிறது' என்பதன் அச்சு அசலான வடிவம். அதிலிருக்கும் 'மீ' நான்காம் வேற்றுமை. 'லைக்' என்ற வினையும் முன்பு 'எனக்குப் பிடிக்கிறது' என்ற அமைப்பில்தான் வந்தது. பிடித்த பொருளே எழுவாய். இதைவிட நெருக்கமான சான்று இன்றைய 'ஹியர்' என்பதன் மூதாதையான 'ஹீரன்' என்ற பழைய வினை. அது இரண்டாம் வேற்றுமையை ஏற்றால் காதால் கேட்டல் என்று பொருள். நான்காம் வேற்றுமையை ஏற்றால் ஒருவருக்குக் கீழ்ப்படிதல் என்று பொருள். பேவுல்ஃப் காவியத்தின் தொடக்கத்தில் அண்டை நாட்டார் மன்னனுக்கு அடங்கி நடந்ததைச் சொல்லும் இடத்தில் இந்த இரண்டாவது பொருள் வருகிறது. 'பையன் அப்பா பேச்சைக் கேட்பதே இல்லை' என்று நாம் சொல்லும்போது, கேட்டலிலிருந்து கீழ்ப்படிதலுக்குப் போகும் அதே பாதையில்தான் நடக்கிறோம்.

12ஆம் நூற்றாண்டு தொடங்கி ஆங்கிலம் அந்த வேற்றுமை முடிவுகளை ஏறத்தாழ முழுதும் இழந்தது. அந்த இழப்புதான் இத்தனை இணைவினைகளைப் பிறப்பித்தது என்று நான் சொல்ல மாட்டேன். 'லிசன்' என்பதன் மூலச்சொல் வேற்றுமைகள் இருந்தபோதே வழக்கில் இருந்தது. ஆனால் பெயரின் முடிவு சுமந்த பாரத்தில் ஒரு பகுதி சொல்வரிசையின்மீதும், முன்னிடைச்சொல்லின்மீதும், வினையைத் தேர்வதன்மீதும் இறங்கியது என்று சொல்வதில் தவறில்லை.

4. 'சொல்' படும் பாடு

தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் நான் மிக அதிகமாகத் திருத்திய இடம் 'ஹி டோல்ட் தட்' என்பது. 'அவர் சொன்னார்' என்பதை அப்படியே வைத்து எழுதுவது இது. 'டெல்' என்ற வினைக்குப் பக்கத்தில் கேட்பவர் ஒருவர் நேராக, எந்த முன்னிடைச்சொல்லும் இல்லாமல் நிற்க வேண்டும்: 'ஹி டோல்ட் மீ'. கேட்பவர் யாரென்று சொல்லத் தேவையில்லை என்றால் 'சே' என்ற வினைக்குப் போக வேண்டும். 'சே' என்பதோடு கேட்பவரைச் சேர்க்க வேண்டுமானால் 'டு' என்ற இடைச்சொல் வேண்டும்.

தமிழில் 'சொல்' எந்த உருபையும் மறுப்பதில்லை. அவரிடம் சொன்னேன் என்பது தகவல் தெரிவித்தல். அவருக்குச் சொன்னேன் என்பதில் அவருக்காகவே எடுத்துச் சொன்ன அக்கறை கொஞ்சம் கூடுதலாகத் தொனிக்கிறது. 'என்னை ஏன் சொல்கிறாய்?' என்று ஐ உருபு வந்துவிட்டாலோ, அது குற்றம் சாட்டுதல். கேட்பவரே இல்லாமலும் 'சொன்னார்' நிறைவாக முடியும். இத்தனை விருப்பமாக இணங்கும் ஒரு வினையோடு வாழ்ந்தவருக்கு, கேட்பவர் இல்லாவிட்டால் நிற்கவே மாட்டேன் என்னும் 'டெல்' முரண்டு பிடிப்பதாகத் தோன்றுவது இயல்பு.

அந்த முரண்டும் முழுமையானதன்று. உண்மையைச் சொல்ல, பொய்யைச் சொல்ல, கதை சொல்ல, மணி சொல்ல எல்லாவற்றுக்கும் கேட்பவர் இல்லாமலே 'டெல்' வரும். பொருள் வேறுபாட்டைக் கொண்டு இதை விளக்க முயன்றவர்கள் சுற்றி வளைத்துப் போகிறார்கள். சொல்லின் பழைய வாழ்க்கை நேராக விளக்குகிறது. பழைய ஆங்கிலத்தில் 'டெல்லன்' என்பதன் முதற்பொருள் எண்ணுதல். ஒவ்வொன்றாக எண்ணி அடுக்குவதிலிருந்து கதையை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பது வந்தது. வங்கியில் பணத்தை எண்ணித் தருபவர் இன்றும் டெல்லர்தான். நாம் நாள்தோறும் சொல்லும் ஏ.டி.எம். என்ற மூன்று எழுத்தில் நடுவிலிருப்பது அந்த டெல்லரே. கதையும் மணியும் எண்ணப்படுபவை. எனவே அவை அந்த வினையின் பழைய உரிமையாளர்கள். புதிதாக வந்த கேட்பவருக்கு அவை இடம் விட்டுக்கொடுக்கவில்லை.

'ஸ்பீக்', 'டாக்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மொழியின் பெயர் பக்கத்தில் வந்தால் பொதுவாக 'ஸ்பீக்' போதும். நம் 'பேசு' இரண்டுக்கும் பொருந்திப்போவதால் இங்கே தடுமாற்றம் குறைவு.

5. எதிர்ச்சான்றுகள்

பக்கத்தில் நிற்கும் பெயரே எல்லாம் என்று நான் சொன்னால் 'பிகின்', 'ஸ்டார்ட்' என்ற இணை என்னை மறுக்கும். இரண்டும் ஒரே வகையான அமைப்புகளை ஏற்கின்றன. மழை, கூட்டம், பாடம், வேலை எதற்கும் இரண்டில் எது வந்தாலும் பிழையில்லை. இங்கே அமைப்பு உதவாது. பிரெஞ்சு வழியாக வந்த 'கமென்ஸ்' இவற்றோடு சேரும்போது வேறுபாடு நடைநயம் பற்றியதாகிறது. 1066க்குப் பின் நார்மன் பிரெஞ்சு ஆட்சிமொழியானதால் ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட சொல்லடுக்குகள் பல உருவாயின. அழைப்பிதழுக்கு ஒன்று, அடுக்களைக்கு ஒன்று. இதற்குப் பழைய ஒருபொருள் நூல்கள் தந்த விளக்கமே இன்றும் போதுமானது. கிராபை நாம் முற்றாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் ஓரிடத்தில் 'பிகின்' நுழையவே முடியாது: இயந்திரம். 'ஸ்டார்ட்' என்பதன் பழம்பொருள் துள்ளுதல், திடுக்கென எழுதல். அந்தத் துள்ளல்தான் என்ஜினுக்கு ஏற்றது. இந்த நுட்பம் ஆங்கிலம் படிக்காத நம் மெக்கானிக்குகளுக்குத் தெரியும். 'வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது' என்று சொல்லாத ஒர்க்‌ஷாப் தமிழ்நாட்டில் இல்லை. 'வண்டி பிகின் ஆகலை' என்று எவரும் சொன்னதில்லை. அவர்கள் வினையை அகராதியிலிருந்து எடுக்கவில்லை. வண்டியோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அதனால் பிழை நேரவில்லை.

இன்னொரு சிக்கல் நீதிமன்றத்தில் இருக்கிறது. 'ஹியர்' தானாக விழுவது, 'லிசன்' கவனித்துக் கேட்பது என்று பாடநூல்கள் பிரிக்கின்றன. நீதிபதி மிகுந்த கவனத்தோடு, கடமையாகக் கேட்பதற்குப் பெயர் ஹியரிங். பாடநூல் விதிப்படி அது லிசனிங் என்று இருந்திருக்க வேண்டும். இதை விதிவிலக்கு என்று தள்ளிவிடாமல் பார்த்தால் ஒன்று புலப்படும். 'லிசன்' செவி கொடுக்கும் முயற்சியைச் சொல்கிறது. கேட்டு முடித்தாரா என்பது அதில் இல்லை. 'ஹியர்' சொல்லப்பட்டது போய்ச் சேர்ந்ததைச் சொல்கிறது. வழக்காடுபவருக்கு வேண்டியது நீதிபதியின் முயற்சியன்று, தன் வாதம் அவரிடம் சேர்வது. மருத்துவர் விஷயத்திலும் இப்படித்தான். அங்கே 'லுக்' வராது, 'சீ' வரும். நாமும் 'டாக்டரைப் பார்த்தேன்' என்றுதான் சொல்கிறோம். நாம் பார்த்ததைவிட அவர் நம்மைப் பார்த்ததே அதில் முக்கியம்.

6. தொல்காப்பியர் கண்ட வழி

வினையைப் பக்கத்து ஆளைக் கொண்டு தேர்வது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களில் மூன்று வேற்றுமையைப் பற்றியவை. அவற்றுக்கு முன்னரே, கிளவியாக்கத்தில், செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கு வினைகளின் ஆட்சி வரையறுக்கப்படுகிறது. வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. இயக்கம் பேசுவோரையும் கேட்போரையும் நோக்கியதா, அப்பாலுள்ளவரை நோக்கியதா என்பதே அளவுகோல். 1971இல் சார்லஸ் ஃபில்மோர் கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஆங்கிலத்தின் 'கம்', 'கோ' வினைகளை ஆராய்ந்து இந்த இடச்சுட்டு முறையைத்தான் விரிவாக வகுத்தார். கேட்பவர் வீட்டுக்குப் புறப்படும்போது ஆங்கிலேயரும் 'கம்' என்பார், நாமும் 'இதோ வருகிறேன்' என்போம். ஸ்பானியர் அங்கே 'போகிறேன்' என்ற வினையைத்தான் சொல்வார். 'கம்', 'கோ', 'பிரிங்', 'டேக்' ஆகியவற்றில் தமிழ் மாணவர் தவறியதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். தொல்காப்பியர் வகுத்த கோடு ஆங்கிலக் கோட்டின் மேலேயே விழுவதால் வந்த நன்மை இது.

அதே சொல்லதிகாரத்தின் எச்சவியல் இன்னும் நுணுக்கமானது. ஒன்றை இரக்கும்போது தாழ்ந்தவன் 'ஈ' என்றும், ஒத்தவன் 'தா' என்றும், உயர்ந்தவன் 'கொடு' என்றும் சொல்வான் என்கிறது. பொருள் ஒன்றே, நிற்பவர் வேறு. இன்றைய தமிழ்நாட்டுப் பேச்சில் 'எனக்குக் கொடு' பரவிவிட்டாலும், மலையாளம் தருதலுக்கும் கொடுத்தலுக்கும் இடையிலான பழைய எல்லையை இன்றும் கட்டிக் காக்கிறது.

வினையோடு சேரும் பெயரையும் நம் இலக்கணிகள் விட்டுவைக்கவில்லை. அடிசில் என்பது உண்பனவும் தின்பனவும் பருகுவனவும் சேர்ந்த பொதுச்சொல். அதற்கு உண்டார் என்றோ தின்றார் என்றோ தனிவினை கொடுக்கக் கூடாது, அயின்றார் போன்ற பொதுவினைதான் தர வேண்டும் என்று உரையாசிரியர்கள் விளக்கினார்கள். சொல்லை அதன் கூட்டத்தைக் கொண்டு அறிய வேண்டும் என்று ஜே.ஆர். ஃபிர்த் 1957இல் எழுதியது நவீன மொழியியலில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது. அந்த உரையாசிரியர்களுள் ஒருவரான சேனாவரையரைப் பாடம் கேட்டவர்களுக்கு அது பழகிய வீட்டுக்குள் போவதுபோல இருக்கும்.

7. அகராதி எப்படி இருக்க வேண்டும்

ஆங்கில வினைக்கு எதிரே ஒரு தமிழ் வினையை எழுதிவிட்டுப் போவது நம் ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் பெரும்பாலானவற்றின் வழக்கம். 'ஹியர்: கேள். லிசன்: கேள், கவனி. ஆஸ்க்: கேள், வினவு.' இதைப் பார்க்கும் மாணவர் மூன்றும் ஒன்றே என்று முடிவு செய்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. வினையோடு உருபையும் அச்சிட்டால் பாதித் தடுமாற்றம் தீரும் என்பது என் வகுப்பறை அனுபவம். கரும்பலகையில் நான் எழுதிக் காட்டுவது இவ்வளவுதான்:

ஹியர்: எனக்கு … கேட்டது.
லிசன்: நான் …ஐக் கேட்டேன்.
ஆஸ்க்: நான் …இடம் கேட்டேன்.
டெல்: …இடம் சொன்னேன் (ஆளைச் சொல்லாமல் விடக் கூடாது).
சே: சொன்னேன் (ஆள் வேண்டியதில்லை).
ராப்: ஆளை, இடத்தை.
ஸ்டீல்: பொருளை.

கடைசி இரண்டு வரிகளை அந்த இளைஞருக்காகச் சேர்த்தேன். பின்னொரு நாள் அவரைத் தெருவில் பார்த்தபோது அவற்றைச் சொன்னேன். சற்று யோசித்தார்.

"அப்ப அம்மாவ முதல்ல வச்சா ராப்டே போட்டிருக்கலாம், இல்ல சார்?"

போட்டிருக்கலாம். 'தே ராப்டு மை மதர்' என்று தொடங்கியிருந்தால் கத்தியும் மிரட்டலும் அந்த ஒரு வினைக்குள்ளேயே வந்திருக்கும். சங்கிலி 'ஆஃப்' என்பதற்குப் பின்னால் போயிருக்கும். அவர் சொல்ல விரும்பியதும் அதைத்தான். நான் அன்று வினையை மாற்றியதற்குப் பதிலாக அவருடைய தாயாரை முன்னால் நகர்த்தியிருக்க வேண்டும்.